நொய்ந்த உடலும் காயப்பட்ட உடலும்: ஜவ்வாது மலையில் ஒரு கிறிஸ்தவ வாசிப்பு

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியருக்குப் புகழ்ச்சி ஆகாது. கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் படுக்கையில் இருந்தார். பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ஜெபம் பண்ணிவிட்டு வந்தோம், மீதிப் பேர் புத்தகம் வாசித்துக் காட்டிவிட்டு வந்தோம். ஒருநாள் ஒரு சகோதரர், இந்தப் பெலவீனத்தில்தான் தேவனுடைய பெலன் விளங்கும் என்று ஆறுதல் சொன்னார். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டே, அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதன் அர்த்தம் என்றார். அந்த ஒரு வாக்கியத்தை விரித்துச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இருக்கிற கருத்து அது. தன் உடம்பில் ஒரு முள் இருக்கிறது, அதை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடினேன், எடுக்கப்படவில்லை, அந்த வலுவின்மைக்குள்தான் கிறிஸ்துவின் வல்லமை குடியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன் என்கிறார். அந்த முள் என்ன என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கண்நோய் என்பார்கள், வலிப்பு என்பார்கள். நமக்கு அது முக்கியமில்லை. அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'அஸ்தெனெயா'. வலுவின்மை என்றும் பொருள், நோய் என்றும் பொருள். நம் பழைய தமிழ் வேதாகமம் பலவீனம் என்றது. சபையில் ஜெபிக்கும்போது அது பெலவீனம் ஆகிவிடும். நான் இன்று நொய்மை என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். பலம், பலவீனம் என்றால் உடனே யார் பெரியவன் என்ற கணக்கு வந்துவிடுகிறது. நொய்மை அப்படி இல்லை. அரிசியிலும் நொய் உண்டு. அதைக் கஞ்சி வைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாம்.

எங்கள் ஆயா கூலி வேலைக்குப் போனவர். நான் நான்காவதோ ஐந்தாவதோ படிக்கும்போது, களத்தில் சிந்திக் கிடந்த நெல்லை மடியில் கட்டினார் என்று நிலக்காரர் வீட்டு ஆள் ஒருவன் அவரை அறைந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்லி அழுதார். போதகர் நல்ல மனிதர்தான். ஏசுவும் அடிபட்டார், வாய் திறக்காத ஆட்டுக்குட்டியைப் போல இருந்தார், நீயும் பொறுத்துக்கொள் அம்மா, உன் பங்கு பரலோகத்தில் இருக்கிறது என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ஆயா என்னிடம் கேட்டார்: "ஏன் கண்ணு, ஏசு சாமி அவன ஏன்டா அடிச்சேன்னு ஒரு வார்த்த கேக்கவே இல்லியா?" எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டேன். கல்லூரிக்குப் போய் யோவான் எழுதிய நற்செய்தியை ஒழுங்காக வாசித்தபோதுதான் பதினெட்டாம் அதிகாரம் கண்ணில் பட்டது. தலைமைக் குருவின் வீட்டில் விசாரணை நடக்கிறது. ஒரு காவலன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். இயேசு திருப்பிக் கேட்கிறார். நான் பேசியது தப்பென்றால் என்ன தப்பு என்று நிரூபி, தப்பில்லை என்றால் எதற்காக அடித்தாய் என்று கேட்கிறார். ஆயா அப்போது உயிரோடு இல்லை.

இந்த வசனம் அந்தப் போதகருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அறைபட்ட கூலிக்காரப் பெண்ணிடம் பேசும்போது அவர் நினைவுக்கு வந்தது ஆட்டுக்குட்டிதான். ஏன் என்பதுதான் கேள்வி.

இரண்டு வகையான நொய்மை இருக்கிறது. பசிக்கும், நோய் வரும், எலும்பு முறியும், பாம்பு கடித்தால் விஷம் ஏறும், ஒருநாள் சாவோம். இது உடம்பெடுத்த எல்லோருக்கும் உள்ளது, ஜமீன்தாருக்கும் உண்டு. இன்னொன்று ஒருவன் இன்னொருவன்மேல் ஏற்றிவைப்பது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டை ஒட்டிய அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. உடலை ஊருக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல் பாதி வழியில் இறக்கிவிட்டது. தாய் பிணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறி நடந்தார். பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பாம்பு கடித்தால் சாகக்கூடிய உடம்பு நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த ஊருக்குச் சாலை இல்லாதது எந்த உடம்பின் குணமும் இல்லை, அது ஒரு கோப்பு. யாரோ ஒருவர் மேசையில் எழுபத்தைந்து ஆண்டுகளாகக் கிடந்த கோப்பு. (இதே ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. அவ்வளவு கனமான கண்ணாடியை மேலே கொண்டுவரச் சாலை போட முடிந்தது. வானியல்மேல் எனக்குக் கோபமில்லை. சாலை போடத் தெரியாமல் போடாமல் இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.)

திருச்சபையின் பழக்கம் இந்த இரண்டையும் ஒரே பாரமாகக் கட்டி, எல்லாம் சிலுவை, சுமந்துகொள் என்று சொல்வது. அம்பேத்கர் இதைக் கவனித்திருக்கிறார். தீண்டப்படாதோர் கிறிஸ்தவர்களானதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில் கசப்பான ஒரு கேள்வி இருக்கிறது. மதம் மாறியவர் தன் துயரத்துக்குக் காரணம் தன் பாவம் என்று கற்றுக்கொள்கிறாரே தவிர, தன்னைச் சுற்றியுள்ள சமூக அமைப்பு என்று கற்றுக்கொள்வதில்லை, அதனால் அவரிடம் எதிர்ப்பும் பிறப்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். நான் கிறிஸ்தவன். இருந்தும் இந்த வாதத்துக்கு எங்கள் சபைகளிடம் இன்றுவரை நேர்மையான பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் நொய்மையில் ஆன்மிகப் பொருள் தேடுவதே ஏமாற்று வேலையா? மாணவத் தோழர்கள் சிலர் அப்படித்தான் நினைக்கிறீர்கள், போன மாதக் கூட்டத்திலும் சொன்னீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏனென்று சொல்ல இந்த மலையடிவாரத்திலேயே நடந்த சிலவற்றைப் பார்க்கலாம்.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். அப்பா 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்தார். அம்மா ஓய்வுபெற்ற பிறகும் இங்கிலாந்துக்குத் திரும்பாமல், மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு தொண்ணூறு வயது தாண்டியும் மலை ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். மகன் லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோதுதான், இத்தனை மடங்கிய கைகள் இருக்கின்றன, எலும்பு மருத்துவர் ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை என்பதை உணர்ந்தார்.

தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் விழும் என்றுதான் அன்றைக்கு மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்டும் கூட இருந்தவர்களும் நோயாளிகளோடு பழகிப் பழகிக் கண்டுபிடித்தது வேறு. கிருமி நரம்பைத் தாக்குகிறது, தொடுஉணர்வு போய்விடுகிறது. உணர்வு போன கை சூடான பாத்திரத்தைத் தூக்கும், கொப்புளம் வரும், தெரியாது. துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்பும்போது தோல் கிழிந்து எலும்பு தெரியும், தெரியாது. இரவில் தூங்கும்போது விரல் குறைகிறதே எப்படி என்று விழித்திருந்து பார்த்தபோது, எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பூனை கொடுத்தார்கள். நோயாளிகள் தங்கித் தச்சுவேலை கற்றுக்கொள்ள சி.எம்.சி. வளாகத்தில் நவஜீவன நிலையம் எழுந்தது. 1955-இல் கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கால் புண்ணைத் தடுக்க மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் வைத்துச் செருப்புத் தைப்பது அங்கே மருத்துவத்தின் பகுதியானது. வட ஆர்க்காடு முழுக்கத் தோல் பதனிட்டவர்களும் செருப்புத் தைத்தவர்களும் யார் என்று உங்களுக்குத் தெரியும். தீட்டு என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட தொழில், ஒரு மருத்துவமனைக்குள் மருந்துக்குச் சமமாக உட்கார்ந்தது. இதைப் பிராண்ட் எழுதினாரா என்று தேடாதீர்கள். இது நம் கண்ணுக்குத்தான் தெரியும்.

பிராண்ட் இதிலிருந்து வந்து சேர்ந்த இடம்தான் இன்றைய பேச்சுக்கு வேண்டியது. வலி ஒரு கொடை என்றார். உடம்பின் ஒரு பகுதிக்கு ஆபத்து என்று மற்ற பகுதிகளுக்குச் சொல்லும் தூதன் வலி. வலியை எடுத்துவிட்டால் உடம்பு தன்னையே அழித்துக்கொள்ளும். பிலிப் யான்சியோடு சேர்ந்து இதைப் பற்றியே நூல்கள் எழுதினார். ஒரு உறுப்புக்கு நோவு என்றால் எல்லா உறுப்புக்கும் நோவு என்று பவுல் சபையைப் பற்றிச் சொன்னதை அவர் நரம்பியலாகவே வாசித்தார்.

அவரை விட்டு ஓர் அடி விலகி நாம் வாசிக்க வேண்டும். ஒரு ஊரின் ஒரு பகுதி அடிபடுகிறது, இன்னொரு பகுதிக்கு அது உறைக்கவே இல்லை. அங்கே நரம்பு எங்கே அறுந்திருக்கிறது? சேரியில் அறுந்திருக்கவில்லை. சேரிக்கு வலி நன்றாகவே தெரிகிறது. ஊருக்குத்தான் மரத்துப்போயிருக்கிறது. சாதி என்பது மேலே இருப்பவனின் உணர்விழப்பு. ஆகவே பலவீனத்தை ஏற்றுக்கொள் என்ற உபதேசத்துக்கு யாராவது ஆள் தேவையென்றால், முதல் ஆள் அவன்தான். தன் உடம்பும் நொய்ந்த உடம்புதான், தன் தாத்தாவும் மலம் கழித்தார், மூத்திரம் முட்டிச் செத்தார் என்பதை ஒத்துக்கொள்ள முடியாதவனால்தான் இன்னொருவனைத் தீட்டு என்று சொல்ல முடிகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நோயை உவமையாக எடுக்கும்போது நோயாளிக்கு அவமானம் சேர்ந்துவிடக்கூடாது. சாதி சமூகத்தின் தொழுநோய் என்று மேடையில் பேசுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள். தொழுநோய் கூட்டு மருந்தால் குணமாகும். குணமான பிறகும் அவரை வீட்டுக்குள் விடாததுதான் சாதி மாதிரியான விஷயம். சட்டமே அப்படித்தான் இருந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தை 2001-இல் திருத்தியபோது, தீராத தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகப் புதிதாகச் சேர்த்தார்கள். தொழுநோயாளியைக் கை நீட்டித் தொட்டவரின் பெயரால் தாலி கட்டியவர்களுக்கான சட்டம்! 2019-இல்தான் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது.

பிராண்டிடம் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை கற்றவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954 ஜனவரியில், நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. முகத்திலும் பெரிய காயம். கொஞ்சநாள் சாவதே மேல் என்று கிடந்தார். உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை கை அறுவைச் சிகிச்சைதான், வந்து கற்றுக்கொள் என்று பிராண்ட் அழைத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். நோயாளிகள் அவரைப் பார்த்த விதத்தை யோசித்துப் பாருங்கள். நடக்கத் தெரிந்த மருத்துவர் நூறு பேர் சொல்லியும் நம்பாததை, இந்த அம்மா நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்த உடனே நம்பினார்கள்.

அவருடைய கதையைச் சபைகளில் சொல்லும்போது இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கர்த்தர் காலை எடுத்துக் கையைக் கொடுத்தார் என்று முடித்து, பாட்டுப் பாடி, காணிக்கை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். தனக்குக் கிடைத்த சக்கர நாற்காலி, சரிவுப் பாதை, பயிற்சி, பணம் எதுவும் இந்தியாவில் முதுகு முறிந்து கிடக்கும் கூலிக்காரருக்குக் கிடைப்பதில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு முறிந்தவர்கள் தங்கி, தானாக உட்கார, குளிக்க, சக்கர நாற்காலியில் போக, பிழைக்கத் தொழில் கற்றுக்கொள்ள ஓரிடம். புளி உலுக்கவும் தேன் எடுக்கவும் மரமேறி விழுந்தவர்கள் இந்த மலையில் எத்தனை வீட்டில் கிடக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த நிலையம் யாருக்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 1986-இல் காலமானார்.

மேரி வர்கீஸ் தன் முடமான காலுக்கு நன்றி சொன்னாரா, எவ்வளவு மனப்பூர்வமாகச் சொன்னார் என்பதெல்லாம் அவருக்கும் அவர் கடவுளுக்கும் உள்ள பேச்சு. அதில் நாம் தலையிட வேண்டாம். அவர் தன் நொய்மையை வைத்து அடுத்தவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அடுத்தவருக்குச் சரிவுப் பாதை கட்டினார் என்பதுதான் நமக்குச் சாட்சி. பவுல் சொன்னது உண்மையாகக்கூடிய ஒரு வழி இது என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். சொன்னவர் தன்னைப் பற்றிச் சொன்னார். தன் முள்ளைப் பற்றிச் சொன்னார். அடுத்தவர் கண்ணில் குத்திய முள்ளைக் காட்டி, அதுவும் கிருபைதான் என்று எழுதவில்லை.

இதே பவுல் பிலிப்பி நகரத்தில் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தில் பாருங்கள். விசாரணை இல்லாமல் பொதுவெளியில் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று ஆளனுப்பினார்கள். பவுல் போகமாட்டேன் என்றார். ரோமக் குடிமக்களான எங்களை எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்புவதா, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். வந்தார்கள், கெஞ்சினார்கள். முள்ளைச் சுமந்தவரும் இவர்தான், சவுக்கடிக்குக் கணக்குக் கேட்டவரும் இவர்தான். முதல் பாதியை மட்டும் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதே இரண்டாம் கடிதத்தில் பவுல் தன்னை மண்பாண்டம் என்கிறார். விலைமதிப்பற்ற ஒன்றை மண்பாண்டத்தில் வைத்திருக்கிறோம் என்ற உருவகம். எளிதில் உடையும் என்பதால் அப்படிச் சொன்னார் என்று விளக்கம் சொல்வார்கள். அது சரிதான், அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. லேவியராகமத்தின் தூய்மைச் சட்டப்படி, தீட்டுப்பட்ட மரப் பாத்திரத்தைக் கழுவலாம். மண்பாண்டம் தீட்டுப்பட்டால் கழுவ முடியாது, உடைத்துவிட வேண்டும். யூதச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த பவுலுக்கு அது தெரியாதா? நம் ஊரிலும் அதுதானே சட்டம்? பித்தளைச் சொம்பைப் புளி போட்டு விளக்கி எடுத்துக்கொள்வார்கள், நாம் தொட்ட மண்பானையை உடைத்துப் போடுவார்கள். கழுவினாலும் தீட்டுப் போகாத பாத்திரம் என்று சாதி யாரைச் சொல்கிறதோ, அந்தப் பாத்திரத்தில்தான் கடவுள் தன் பொக்கிஷத்தை வைத்தார் என்றால், தீட்டு என்ற கணக்கே அங்கே நொறுங்கிப் போகிறது. வாசிப்பு என்னுடையது. பேராசிரியர்கள் மறுக்கலாம், விவாதிப்போம்.

திருப்பத்தூரில் 1921-இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பற்றியும் சொல்லாமல் இந்த மலையில் பேச முடியாது. சவரிராயன் இயேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கதர் உடுத்தி, மணம் செய்யாமல், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து வாழ்ந்தார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே மக்கள் அழைத்தார்கள். நம் கோயில் கட்டடக் கலையில் ஜெபாலயம் கட்டினார்கள். மரியாதைக்குரியவர்கள். ஆனாலும் தானாக எடுத்துக்கொள்ளும் எளிமை வேறு, தலைமேல் விழுந்த வறுமை வேறு. மேல்சட்டையைக் கழற்றுவது தியாகமாக வேண்டுமென்றால், முதலில் மேல்சட்டை போட உரிமை இருந்திருக்க வேண்டும்.

தலித் இறையியல் இந்த இடத்திலிருந்துதான் கிளம்பியது. 1981-இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். பிறகு அவர் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கென ஒரு துறையையே நடத்தினார். ஏசாயாவின் பாடுபடும் ஊழியனை, அடுத்தவர் அழுக்கைச் சுமக்கும் கடவுளாகவே பார்த்தார். கடவுளே பணியாள், ஆகவே பணியாளர்களான தலித்துகளின் கடவுள். துணிச்சலான சிந்தனை. ஆனால் நம்மைப் பணியாளராகவே வைத்திருக்கும் ஊரில், பணிவிடையைக் கடவுள் தன்மை என்றால் நிலக்காரனுக்குத்தானே வசதி என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பாமா 1992-இல் வந்த 'கருக்கு' நூலுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். பனங்கருக்கு கீறும், இரண்டு பக்கமும் அறுக்கும். துறவு மடத்தை விட்டு வெளியே வந்தபின் எழுதியது அது. தன்னைக் கீறியதையே அவர் ஆயுதமாக்கினார். காயத்தை ஆசீர்வாதம் என்று சொல்லாமல் காயத்தை வைத்து எழுத முடியும் என்பதற்கு நம் மொழியில் அதுதான் முன்மாதிரி.

2015 ஏப்ரல் 7 இந்த மலையில் யாருக்கும் மறக்காது. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. இருபது பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள், அவர்களில் பலர் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் கிறிஸ்தவர்களாக்கி இந்தப் பேச்சுக்குள் இழுக்க நான் விரும்பவில்லை. அவர்களுக்கு அவர்கள் தெய்வங்கள் உண்டு. குடும்பங்கள் செய்த ஒரு காரியத்தைத்தான் நினைவுபடுத்துகிறேன். உடலை வாங்கிக்கொண்டு சீக்கிரம் அடக்கம் செய்யுங்கள் என்ற அவசரத்துக்கு நடுவே, சில குடும்பங்கள் மறுத்தன. நீதிமன்றம் போனார்கள். மறு உடற்கூறாய்வு வேண்டும் என்றார்கள். நீதிமன்றமும் ஆணையிட்டது. பெற்ற பிள்ளையின் உடம்பை, கட்டிய கணவனின் உடம்பை மண்ணுக்குக் கொடுக்காமல் குளிர்பெட்டியில் வைத்திருந்து, அந்தக் காயம் என்ன சொல்கிறது என்று இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

எனக்கு யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரம் அதன் பிறகுதான் புரிந்தது. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குக் கையையும் விலாவையும் காட்டுகிறார். எட்டு நாள் கழித்துத் தோமாவிடம் விரலை நீட்டிப் பார் என்கிறார். சாவையே வென்ற உடம்பில் காயம் மட்டும் ஏன் ஆறவில்லை? ஏரோதும் பிலாத்துவும் என்ன சொல்லியிருப்பார்கள்? செத்தவன் எழுந்துவிட்டான், அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லை, வழக்கு முடிந்தது என்றுதானே? காயம் இருக்கிறவரை வழக்கு முடியாது. வன்கொடுமை நடந்த இடத்துக்கு ஓடுகிற தோழர்களுக்கு இது தெரியும். முதலில் அடிபட்டவரை அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், ஏ.ஆர். காப்பி வாங்க வேண்டும், காயச் சான்றிதழ் வாங்க வேண்டும். எங்கே, எத்தனை செண்டிமீட்டர், எந்த ஆயுதத்தால் என்று எழுதியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் வெறும் காகிதம். உயிர்த்த உடம்பின் காயங்களைக் கடவுள் கையெழுத்திட்ட காயச் சான்றிதழாக வாசிக்கிறேன். அடித்தவன் மன்னிக்கப்படலாம். ஆனால் அடித்தது நடக்கவில்லை என்று எந்தப் பரலோகத்திலும் எழுதிவிட முடியாது.

இப்படிக் காயத்தைத் தொட்டு விசுவசித்த தோமாவின் பெயரில் சென்னையில் ஒரு மலையே இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லும் தமிழ்த் திருச்சபை தன் உடம்பின் காயத்தைத் தொட்டுப் பார்த்ததா? 1833-இலேயே ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் இருக்கக்கூடாது, திருவிருந்தில் எல்லோரும் கலந்து வர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே கிண்ணத்தில் குடிக்க முடியாது என்று தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்த்திக்கொண்ட சாதிக்காரர்கள் சபையை விட்டே போனார்கள். கிண்ணத்தில் இருப்பது சிந்தப்பட்ட இரத்தம் என்று நம்பியவர்கள்தான் அவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் நின்றது. சாவைப் போன்ற பொது நொய்மை வேறில்லை, அங்கும் சுவர்.

அரசாங்கம் இன்னொரு சுவர் கட்டியது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வர முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் வழி திறந்தார்கள். தலித் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியேதான் நிற்கிறோம். 2022-இல் இதை ஆராய நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் ஞானஸ்நானம் பெற்றாலும் பட்டியலில் இருந்து எடுக்கப்படுவதில்லை, பழங்குடிப் பட்டியலில் மதம் ஒரு தகுதி இல்லை. கீழே போளூர்ச் சேரியில் இருப்பவன் ஞானஸ்நானம் பெற்றால் அவன் சாதி சட்டத்தின் கண்ணுக்கு மறைந்துவிடும், ஊரின் கண்ணுக்கு மறையாது. என் சான்றிதழைப் பற்றிச் சந்தேகமுள்ள மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன்.

நேரம் ஆகிறது, உலை கொதிக்கும் வாசனை வருகிறது. மதுரை இறையியல் கல்லூரியில் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு என்ற ஒரு பேராசிரியர் இருந்தார், பறட்டை என்றால்தான் தெரியும். பறையோடும் நாட்டார் மெட்டோடும் வழிபாடு அமைத்தவர். திருவிருந்து என்றால் ஒரு துண்டு அப்பமும் ஒரு மிடறு ரசமும் இல்லை, எல்லோரும் கொண்டுவந்து ஒரே உலையில் போட்டுச் சமைத்து உண்பதுதான் என்று சொல்லி, அதை நடத்தியும் காட்டினார். பசி உள்ளவன்தானே உலைக்குப் பக்கத்தில் வருவான்? இன்று மலைத் தோழர்கள் சாமை கொண்டுவந்தார்கள், போளூர்க்காரர்கள் பருப்பும் கத்தரிக்காயும் கொண்டுவந்தார்கள், திருப்பத்தூர் மாணவர்கள் வெறுங்கையோடு வந்து பாத்திரம் கழுவ ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பானை ஒன்றுதான். நம் ஆசிரியருக்கு முதல் கவளம் எடுத்து வைத்துவிட்டு, எல்லோரும் உட்காருவோம். ஜெய்பீம்.